கை நனைக்காமல் போன சம்பந்திக்கு, ட்வீட்டர் விஷயமாக

இயேசு, மரி, சூசை துணை

கொட்டச்சேடு
சனிக்கிழமை காலை

சேலம் அஸ்தம்பட்டியில் சகல மதிப்போடும் வாழும் சம்பந்தி திரு. ஜோஸ்வா அவர்களுக்கும் சகோதரி அவர்களுக்கும், ஓய்வுபெற்ற எஸ்டேட் ரைட்டர் சூசைமாணிக்கம் பணிந்து எழுதும் மடல். இவ்விடம் நானும் என் மனைவி ஜெயகுமாரியும் மகள் ஆன்மேரியும் ஆண்டவர் புண்ணியத்தில் உடம்பளவில் சௌக்கியம். அவ்விடம் தங்கள் சுகமும், தம்பி கிங்ஸ்டன், பாப்பா ஷீனா ஆகியோர் சுகமும் அறிய ஆவல். சம்பந்தி என்று எழுதலாமா கூடாதா என்று அரை மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்த இடத்தில் தாங்கள் கை நனைக்காமல் எழுந்து போன பிறகு அப்படி எழுத எனக்கு உரிமை இல்லைதான். ஆனால் "ஐயா" என்று போட்டால் எஸ்டேட் மேனேஜருக்கு லீவு லெட்டர் எழுதுகிற மாதிரி இருக்கிறது. ஆகையால் சம்பந்தி என்றே இருக்கட்டும். பிடிக்காவிட்டால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு மீதியைப் படிக்கவும்.

போனிலேயே சொல்லி முடித்திருப்பேன். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டேன், அப்பா குளிக்கிறாருங்க என்றாள் பாப்பா ஷீனா. மதியம் கூப்பிட்டேன், குளிக்கிறாருங்க. சாயங்காலமும் குளிக்கிறாருங்க. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அதே பதில். சேலத்தில் தண்ணீர்க் கஷ்டம் என்று யார் சொன்னது? சரி, குளித்துத் தலை துவட்டிய பிறகாவது படியுங்கள் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். விஷயம் இதுதான்: தங்கள் மகன் எங்கள் பெண்ணைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. எங்கள் பெண்ணும் தங்கள் மகனைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. இரண்டு பேரும் சுளித்தது என்னுடைய ட்வீட்டரால். குற்றவாளி நான். அதை முதலிலிருந்து சொன்னால்தான் தங்களுக்கு விளங்கும்.

ஜெயகுமாரியின் தம்பி ஜெப்சன் கோயமுத்தூரில் இருக்கிறான். பகலில் பம்ப் கம்பெனியில் வேலை, மற்ற நேரமெல்லாம் ஸ்பீக்கர் பைத்தியம். நான் ரிட்டையராகி வீட்டில் உட்கார்ந்து, ஜெயகுமாரி குழம்புக்கு உப்புப் போடும்போதெல்லாம் பின்னால் நின்று யோசனை சொல்ல ஆரம்பித்ததும், அவள் தம்பிக்குப் போன் போட்டு, "இந்த மனுசனுக்கு ஏதாச்சும் வேலை குடுடா சாமி" என்று அழுதிருக்கிறாள். அவன் எனக்குக் கொடுத்த வேலைதான் ஓப்பன் பேஃபிள். அதாவது பெட்டியே இல்லாத ஸ்பீக்கர். ஒரு பலகை, அதில் ஓர் ஓட்டை, அந்த ஓட்டையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர். பின்பக்கம் மூடாமல் திறந்தே கிடக்கும். முன்னால் எவ்வளவு பாடுகிறதோ அவ்வளவு பின்னாலும் பாடும், பக்கவாட்டில் மட்டும் ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது. இதைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தங்கள் நாற்காலி விஷயமாக இது வரப்போகிறது. பலகைக்கு எங்கே போவது? ஆன்மேரியின் கல்யாண பீரோவுக்கென்று பரண் மேல் போட்டு வைத்திருந்த பலாப் பலகை இரண்டு இருந்தது. எடுத்துவிட்டேன். கூடத்தின் நடுவில் நின்ற அந்த இரண்டையும் பார்த்துத் தாங்கள் "இதென்னங்க, ஜன்னலா?" என்று கேட்டபோது, "பீரோவுங்க, வேலை நடக்குதுங்க" என்று சொன்னேனே, அது முழுப்பொய் இல்லை.

பெரிய ஸ்பீக்கர் வந்த அன்றைக்கே மாட்டியாயிற்று. ஆனால் அது தடித்த குரலுக்குத்தான் லாயக்கு. ஜால்ராச் சத்தம், வயலினின் மேல் கோடி, பாடுகிறவர் உதட்டிலிருந்து வரும் "ஸ்" இதெல்லாம் அதற்கு வராது. அதற்கென்று உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னது ஒன்று வேண்டும், அதற்குப் பெயர்தான் ட்வீட்டர். இந்தச் சின்னதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. ஆன்மேரிக்கு வரன் பார்க்க ஆரம்பித்துத் தங்கள் குடும்பத்தை முடிவு செய்ய ஒன்பதே நாள்தான் ஆயிற்று என்பதை இந்த இடத்தில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் வந்தது பட்டுத்துணியில் குமிழ் வைத்த ட்வீட்டர். பார்க்க அடக்கம், பாட்டும் அடக்கம். ஆனால் அதற்கு முதுகு மூடியிருக்கும், முன்பக்கம் மட்டும்தான் பாடும். எங்கள் வீட்டில் பலகைக்குப் பின்னால்தான் சமையலறை வாசல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கூடத்தில் நான் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருக்கும்போது ஜெயகுமாரி கரண்டியோடு வந்து நின்றாள். "ஏனுங்க, உங்களுக்கு மட்டும் தெளிவாப் பாடறாங்க, எனக்கு மட்டும் போர்வைக்குள்ள இருந்து பாடறாங்க. நான் என்னங்க பாவம் பண்ணினேன்?" நியாயமான கேள்வி. பெரிய ஸ்பீக்கர் இரண்டு பக்கமும் பாட, சின்னது ஒரு பக்கம் மட்டும் பாடினால் அப்படித்தான் இருக்கும். ஜெப்சனைக் கேட்டேன், "பின்னாலயும் ஒண்ணு மாட்டுங்க மாமா" என்றான். மாட்டினேன். அதற்கப்புறம் கடுகு வெடிக்கிற சத்தம் எது, பாட்டு எது என்று தெரியாமல் ஒரே வாரத்தில் மூன்று தடவை தாளிப்பு கருகிப்போய், குமிழ் ட்வீட்டர் முன்னும் பின்னும் கழற்றப்பட்டது.

இரண்டாவது ஹாரன் வைத்தது. ஊமத்தம்பூ மாதிரி வாய் அகன்று இருக்கும். ஆசாரி மாதேஷ் வெள்ளக்கடையிலிருந்து பைக்கில் வந்து, சின்ன ஓட்டையைப் பெரிதாக்கி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். போட்டேன். ஐயையோ! பக்கத்து வீட்டு மலர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து, "ரைட்டரய்யா, எந்தக் கட்சிங்க? எத்தன மணிக்கு வர்றாங்க?" என்று கேட்டாள். நான் போட்டிருந்தது தவக்காலப் பாட்டு. தோட்டத்துப் பலா மரத்தடியில் தினமும் வந்து நிற்கிற காட்டெருமை இரண்டு நாள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஹாரனால் விளைந்த ஒரே நன்மை அதுதான், மூன்றாம் நாள் அதுவும் பழகிப்போய்த் திரும்பி வந்துவிட்டது.

மூன்றாவது ரிப்பன். சாக்லேட் சுற்றி வருகிற தாளை விட மெல்லிசாக ஓர் அலுமினியத் தகடு, அதற்கு இரண்டு பக்கமும் காந்தம், முன்னும் பின்னும் திறந்தபடி இருக்கும். ஓப்பன் பேஃபிளுக்கென்றே பிறந்தது என்றான் ஜெப்சன். ஆனால் அதற்கு நீளக் கட்டமாக ஓட்டை வேண்டும். மாதேஷ் வந்து பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "சின்ன வட்டம் போட்டாச்சு, பெரிய வட்டம் போட்டாச்சு, இப்பக் கட்டமுங்களா? பலகை தீர்ற வரைக்கும் நீங்க ஒரு முடிவுக்கு வரமாட்டீங்களாட்டம் இருக்குதுங்களே ரைட்டரய்யா" என்றான். டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த ரிப்பன் வாயால் ஊதினால்கூடக் கிழிந்துவிடுமாம். அதனால் மூன்று வாரம் எங்கள் வீட்டில் ஜன்னல் திறக்கவில்லை. ஜெயகுமாரி கூடத்தில் துணி உதறக் கூடாது, பெருக்கினால் பதமாகப் பெருக்க வேண்டும், தும்மல் வந்தால் தோட்டத்துக்குப் போய்விட வேண்டும். மலையில் பனி இறங்குகிற காலம், வீடு முழுக்க ஊறின துணி வாடை. அவள் பொறுத்துக்கொண்டாள், நான்தான் அதைக் கவனிக்கவில்லை.

மூன்றில் எது என்று நானே முடிவு செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தாங்கள் அறிந்தபடி ஆன்மேரி சேலத்தில் ஒரு காபித்தூள் கம்பெனியில் ருசி பார்க்கிற வேலையில் இருக்கிறாள். வாய் அத்தனை சுத்தமாக இருக்கிற பிள்ளைக்குக் காது மட்டும் சோடையாகவா இருக்கும்? வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் வந்து இறங்கியதும் அவளைக் கூடத்தில் உட்கார வைத்து, கண்ணைத் துண்டால் கட்டி, ஒரே பாட்டை ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர் என்று போட்டுக் காட்டுவேன். எது பிடித்தது, ஏன் பிடித்தது, எந்த இடத்தில் உறுத்தியது என்று அவள் சொல்லச் சொல்ல, எஸ்டேட்டில் ஆள் வருகை பதிந்து, பிறகு வீட்டுக்குக் கொண்டு வந்த பழைய மஸ்டர் நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொள்வேன். பாவம், பசியோடு வந்த பிள்ளை. ஒரு நாளும் முணுமுணுத்தது கிடையாது. மூன்றாம் நம்பர்தான் நன்றாக இருக்கிறது என்றாள். ஆனாலும் நான் ஒரு முடிவுக்கு வரவில்லை, ஏனென்றால் ஜெப்சன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். புது ட்வீட்டரை நூறு மணி நேரமாவது ஓட விட்டுப் பழக்கினால்தான் அதன் உண்மையான குரல் வெளியே வருமாம்.

நூறு மணி நேரம் பாட்டுப் போட்டால் ஜெயகுமாரி பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள். அப்போதுதான், சம்பந்தி, எனக்கு ஒரு யோசனை வந்தது. ஜெப்சன் என் போனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்திருந்தான், அதில் நம்பரைத் தட்டினால் அந்த நம்பருக்குரிய சத்தம் ஸ்பீக்கரில் வரும். ஆயிரம் என்று தட்டினால் குழல் மாதிரி. நாலாயிரம் என்றால் பல் கூசும். எட்டாயிரத்துக்கு மேல் போனதும் ஒன்றுமே கேட்கவில்லை. பத்தாயிரம், பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம், சுத்தமாக ஒன்றுமில்லை. வால்யூமைத் திருகினேன், அப்போதும் இல்லை. "ஏ ஜெயா, உனக்கு ஏதாச்சும் கேக்குதா?" என்றேன். "இல்லீங்க" என்றாள். ரைட்டர் வேலையில் இரண்டு சாட்சி இருந்தால் எதையும் பாஸ் பண்ணிவிடலாம். ஆகவே மனிதக் காது எட்டாயிரத்தோடு முடிந்துவிடுகிறது, அதற்கு மேலே உள்ளதெல்லாம் வௌவாலுக்கு என்று நான் முடிவு செய்து, யாருக்கும் தொந்தரவில்லாத அந்தப் பதினைந்தாயிரத்தை இராப்பகலாக ஓட விட்டேன். ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாததால் அவ்வப்போது வால்யூமைக் கொஞ்சம் ஏற்றியும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை இரவு ஆன்மேரி வந்தவள் வாசலிலேயே நின்று, "அப்பா, என்னமோ கொய்ங்குன்னு குடையுதுங்களே" என்றாள். "சில்வண்டு கண்ணு, காபித் தோட்டத்துல அதுக்கென்ன பஞ்சம்" என்றேன். சனிக்கிழமை பூராவும் தலைவலி என்று பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு திரிந்தாள். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், அந்தப் படபடப்பு என்று அவள் அம்மா சுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு நூறு மணி நேரம் நிறைந்தது. செயலியை நிறுத்திவிட்டு ஒரு பழைய பூசைப்பாட்டைப் போட்டேன். என்ன சொல்வேன்! மேல் ஸ்தாயியெல்லாம் பட்டு, வெண்ணெய். ஒரு உறுத்தல் இல்லை, ஒரு கூச்சல் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரிப்பன்தான், இனி மாற்றமில்லை என்று மஸ்டர் நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். இன்னும் ஒரு இருபது மணி நேரம் ஓடினால் இதைவிடவும் பழுக்குமே என்ற பேராசையில் மறுபடியும் பதினைந்தாயிரத்தைத் தட்டிவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்ததும் உங்களுக்கு நாற்காலி போடும் வேலை என்னுடையது. பலகையைச் சுவரோரம் நகர்த்தச் சொன்னாள் ஜெயகுமாரி. ஓப்பன் பேஃபிள் சுவரிலிருந்து நாலு அடியாவது தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம், நகர்த்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் தங்களையும் சகோதரியையும் பலகைக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்தேன். மாப்பிள்ளைக்கு மட்டும், மரியாதைக்காக, நேர் எதிரே நான் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற நாற்காலியைக் கொடுத்தேன். அந்த இடத்தில்தான் ட்வீட்டர் முழு மூச்சாக வந்து விழும். பெண் காபித் தட்டோடு வந்ததோ பலகைக்குப் பின்னால் இருக்கிற சமையலறை வாசலிலிருந்து, அதாவது பின்பக்கச் சத்தம் முழுவதும் அவளுக்கு. நாம் பெரியவர்கள் நாலு பேரும் வயதிலும் மேலே, இடத்திலும் பக்கவாட்டில். நமக்கு ஒன்றும் கேட்கவில்லை. இப்போது புரிகிறதா சம்பந்தி, நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று?

ஆன்மேரி வாசலில் வந்து நின்றாள். தம்பி கிங்ஸ்டன் நிமிர்ந்து பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. ஒரு கையைக் கன்னத்தில் ஊன்றிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டார். அதே விநாடி ஆன்மேரியும் புருவத்தை நெரித்து, உதட்டைக் கோணி, தட்டை டீப்பாயின் மேல் டொக்கென்று வைத்தாள். பால் கொஞ்சம் சகோதரியின் சேலையில் தெறித்தது, அதற்கு ஆயிரம் மன்னிப்பு. ஜெயகுமாரி தங்கள் மகன் முகத்தைப் பார்த்து வெளிறிப் போனாள். சகோதரி என் மகள் முகத்தைப் பார்த்துச் சிவந்து போனார்கள். பிள்ளைகள் முகத்தைப் பார்த்துத்தானே நாம் சம்பந்தம் முடிக்கிறதும் முறிக்கிறதும், அப்புறம் பேச என்ன இருக்கிறது? அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பாப்பா ஷீனா மட்டும் எதையும் வெளிக்காட்டாமல் சிரித்த முகமாக மூன்று துண்டு கேக் சாப்பிட்டாள். அந்தச் சத்தத்திலும் எவ்வளவு பொறுமை! வளர்ப்பு அப்படி என்று ஜெயகுமாரியிடம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தாங்கள் எழுந்து, "ஊட்ல போயி கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க" என்றீர்கள். "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போலாமுங்க, எல ரெடியா இருக்குதுங்க" என்று ஜெயகுமாரி கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள். "இன்னொரு நாளைக்குங்க" என்றார்கள் சகோதரி. பிடித்திருந்தால் உட்கார்ந்து கை நனைப்பார்கள், பிடிக்காவிட்டால் காபியோடு எழுந்துவிடுவார்கள் என்பது ஊருக்கே தெரிந்த வழக்கம். தங்கள் கார் குப்பனூர் ரோட்டில் இறங்கி மறைகிற வரைக்கும் அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஒரு தவலை பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி "இப்போதைக்கு வேண்டாமுங்க" என்று தங்கள் செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டு அவள் அழுத அழுகை இருக்கிறதே, சொல்லி மாளாது. ஒரே பெண், சம்பந்தி. என்ன குறை கண்டுவிட்டார்கள் என்று இருவருமாகப் புலம்பித் தீர்த்தோம். ஆன்மேரி திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கே எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. மீந்த பிரியாணியை வாங்கிப் போக மலரின் மகள் கீர்த்திகா வந்தாள், காலேஜில் படிக்கிற பெண். வாசப்படி தாண்டியதும் தூக்குப்போசியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "தாத்தா, அதை நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தினாள். எதை என்றேன். "அந்தக் கொய்ங்குதாங்க! மண்டையில ஆணி அடிக்குது!" திரும்பிப் பார்த்தால் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிகிறது. நிறுத்தினேன், கையை எடுத்தாள். போட்டேன், பொத்தினாள். ஆறு தடவை போட்டுப் போட்டு நிறுத்திப் பார்த்தேன், ஏழாவது தடவை அவள் பிரியாணி வாங்காமலே ஓடிவிட்டாள். ஜெப்சனுக்குப் போன் போட்டேன். "ட்வீட்டர்ல கோளாறு இல்லீங்க மாமா, உங்க வயசுலதான் கோளாறு. சின்னப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் நல்லாக் கேக்கும்" என்றான். அந்தப் பேச்சு வேறு யாராவது பேசியிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

ஜெயகுமாரியிடம் சொன்னேன். "ஏனுங்க, அப்போ எம்பொண்ணு வாழ்க்கைக்குக் குறுக்க நின்னது அந்தச் சாக்லேட் தாளுங்களா?" என்று கேட்டுவிட்டு, அரிவாள்மணையை எடுத்து வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள். சமையலுக்கு அன்று வெங்காயமே தேவைப்படவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு உண்டு, பேச்சு இல்லை. ஆகையால் தங்கள் இருவர் காலையும் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு மறுபடியும் குடும்பத்தோடு வாருங்கள். ஆம்ப்ளிஃபயரின் வயரையே பிடுங்கி மலர் வீட்டில் கொடுத்து வைத்துவிடுகிறேன். பலகை இரண்டையும் மாட்டுக் கொட்டகைக்குக் கொண்டு போய்விடுகிறேன், வேண்டுமானால் பீரோவாகவே செய்துவிடுகிறேன், ஓட்டைகளுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகள் இரண்டும் சத்தமில்லாத ஒரு இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கட்டும். பிடித்துப்போகும். எனக்கு அதில் துளியும் சந்தேகம் இல்லை.

தங்கள் குடும்பத்துக்கு வேளாங்கண்ணி மாதா சகல நன்மையும் தருவாராக. சகோதரிக்கு எங்கள் இருவரின் வணக்கமும், சேலைக்காக மறுபடியும் ஒரு மன்னிப்பும். தம்பி கிங்ஸ்டனுக்கும் பாப்பா ஷீனாவுக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
இன்னும் தங்களைச் சம்பந்தி என்றே நினைத்துக்கொண்டிருக்கும்
தே. சூசைமாணிக்கம்

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் பிழை திருத்தச் சொல்லி இன்று மத்தியானம் ஆன்மேரியிடம் கொடுத்தேன். படித்தாள். முதலில் சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அப்புறம் அந்தத் தண்ணீரே அழுகையாகப் போய்விட்டது. சம்பந்தி, போன ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வந்தபோது எங்கள் வீட்டில் எந்தச் சத்தமும் இல்லையாம். தலைவலி தாங்காமல், என் மனசும் நோகக் கூடாதென்று, சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கே ட்வீட்டர் வயரைப் பின்னாலிருந்து உருவிவிட்டிருக்கிறாள். ஞாயிறு ராத்திரி என் மூஞ்சியைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் திரும்ப மாட்டியிருக்கிறாள். "ஷீனா மட்டும் ஏம்ப்பா சிரிச்சுட்டே கேக் சாப்பிட்டா? அவளுக்கும் காது இருக்குதுல்லங்க?" என்றாள். ஆக, சனிக்கிழமை ஏழு மணிக்கு நான் பட்டு, வெண்ணெய் என்று கண்ணீர் விட்டுக் கேட்டது மாட்டாத ட்வீட்டரை. அதை விடுங்கள்.

பயோடேட்டாவிலிருந்த நம்பருக்குப் போன் பண்ணி, அவளும் தம்பி கிங்ஸ்டனும் சனிக்கிழமையே பேசி வைத்துக்கொண்டு செய்த வேலையாம் அது. "வாயால வேண்டாம்னு சொன்னா ரெண்டு ஊட்லயும் ஆயிரம் கேள்வி வரும். மூஞ்சியச் சுளிச்சா நீங்களே முடிவு பண்ணிக்குவீங்கன்னு தெரியும்" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன கேடு கண்ணு என்று கத்திவிட்டேன். அவள் எழுந்து போய் அந்த மஸ்டர் நோட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். "வாரா வாரம் கண்ணக் கட்டி உக்கார வெச்சு, எது புடிச்சுது, ஏன் புடிச்சுது, எங்க உறுத்துச்சுன்னு கட்டம் போட்டு எழுதினீங்களேப்பா. இந்தச் சம்பந்தம் புடிச்சிருக்கான்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கேட்டீங்களா?"

அந்த நோட்டை மூடிக் கீழே வைத்தேன். வெட்கமாக இருந்தது. ஐந்து நாளாகப் பேசாத ஜெயகுமாரி சமையலறையிலிருந்து, "என்னையும் யாரும் கேக்கலீங்க, அவள அவ அப்பா கேக்கல, என்னைய எங்கப்பா கேக்கல" என்றாள். முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தி அவளைப் பெண் பார்க்கப் போனபோது நானும் கேட்கவில்லை. ஆன்மேரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். சிக்மகளூரில் ஒரு காபிக் கம்பெனியில் பெரிய வேலை கிடைத்திருக்கிறதாம், சொல்லப் பயந்து இரண்டு வாரமாகக் கடிதத்தைப் பையிலேயே வைத்திருக்கிறாள். இரண்டு வருஷம் போகட்டும் அப்பா என்றாள். போயிட்டு வா சாமி என்றேன்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வர வேண்டாம். திரும்ப எழுத வீட்டில் வேறு தாள் இல்லாததாலும், மேலே ட்வீட்டர் பற்றிச் சில நல்ல விஷயங்கள் இருப்பதாலும் முழுவதையும் அப்படியே அனுப்புகிறேன். இன்னொன்று. தம்பி கிங்ஸ்டனுக்கும் மனசில் ஏதோ இருக்கிறதாம், தங்களிடம் சொல்லப் பயமாம். என்னவென்று ஆன்மேரி எனக்குச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாமல், தம்பியை உட்கார வைத்து ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதீர்கள். எனக்கு அதுதான் நொம்பச் சிரமமாக இருந்தது.